திருச்சியில் எந்தப் பக்கம் தங்கலாம்? அறை எடுக்கும் முன் மேப்பைத் திறந்திடுங்கள்

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இணைய இணைப்பும் பெற்றவர்கள் சீக்கிரமே கற்றுக் கொள்ளும் வேலைகளில் ஒன்று ரயில் டிக்கெட் பதிவு செய்வது. அடுத்தது, போகிற ஊரில் தங்க அறை பிடிப்பது. டிக்கெட்டில் தவறு செய்துவிட்டால் கேன்சல் செய்து, போனது போக மீதிப் பணத்தை வாங்கிக் கொள்ளலாம். அறை விஷயம் அப்படி அல்ல. தவறான பகுதியில் அறை எடுத்துவிட்டோம் என்பது, இரவு பத்து மணிக்குப் பெட்டிகளோடும் களைத்துப் போன பெற்றோரோடும் ஆட்டோவை விட்டு இறங்கிய பின்னர் தான் தெரிய வரும்.

அறை பதிவு செய்யும் தளங்கள் படுக்கையின் போட்டோவைக் காட்டும். வாடகையைக் காட்டும். எத்தனை நட்சத்திரம் என்று காட்டும். நீங்கள் போகும் வேலைக்கு அந்தப் பகுதி பொருந்துமா என்பதை மட்டும் சொல்லாது. அதனை நாம் தான் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குத் தேவையான கருவிகள் எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் இலவசமாகவே கிடைக்கின்றன. மொபைலைக் காட்டிலும் பெரிய திரையில் இந்த வேலை எளிது.

உதாரணத்திற்குத் திருச்சியை எடுத்துக் கொள்கிறேன். பொறியியல் படித்த நான்கு ஆண்டுகள் அங்கே தான் இருந்தேன். அதனால் சொந்தக்காரர்கள் இன்றும் எனக்குப் போன் செய்து, "பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு ரூம் பாத்துச் சொல்லுப்பா" என்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றே தான். எந்த பஸ் ஸ்டாண்ட்?

ஒரே பெயர், பல இடங்கள்

திருச்சியில் நெடுங்காலமாக இரண்டு பேருந்து நிலையங்கள் உண்டு. ஒன்று, ஜங்ஷன் ரயில் நிலையத்திற்கு அருகே கன்டோன்மென்ட் பகுதியில் உள்ள மத்திய பேருந்து நிலையம். மற்றொன்று, மலைக்கோட்டையின் நிழலில் இருக்கும் சத்திரம் பேருந்து நிலையம். இரண்டுக்கும் இடையே சுமார் 5 கிலோமீட்டர். சென்னை, மதுரை, கோவைப் பேருந்துகள் எல்லாம் மத்திய நிலையத்தில் நிற்கும். டவுன் பஸ்களும் துறையூர், முசிறி, லால்குடி போன்ற அக்கம்பக்கத்து ஊர்ப் பேருந்துகளும் சத்திரத்தில் நிற்கும். இப்படித் தான் பல ஆண்டுகள் ஓடியது.

2025-ஆம் ஆண்டு இதில் பெரிய மாற்றம் வந்தது. மதுரை சாலையில் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் மே மாதம் திறக்கப்பட்டு, ஜூலை முதல் வெளியூர்ப் பேருந்துகள் அங்கு மாற்றப்பட்டன. மத்திய பேருந்து நிலையத்தில் இருந்து பஞ்சப்பூர் இன்னும் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

இப்போது பிரச்னை புரிகிறதா? கன்டோன்மென்ட் பகுதி லாட்ஜ்களைப் பற்றி இணையத்தில் உள்ள குறிப்புகளில், "பஸ் ஸ்டாண்டிற்கு எதிரில், நடந்தே வந்துவிடலாம்" என்று பாராட்டி எழுதியவர்கள் ஏராளம். 2025 ஜூலைக்கு முன் எழுதப்பட்ட அந்த வரி ஒவ்வொன்றும் அன்று உண்மை. அதனை நம்பி இன்று மதுரையில் இருந்து வருபவர் பஞ்சப்பூரில் இறங்கி, டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துத் தான் அந்த லாட்ஜுக்குப் போக வேண்டும். எழுதியவர் பொய் சொல்லவில்லை, லாட்ஜும் ஏமாற்றவில்லை. ஊர் மாறிவிட்டது, இணையப் பக்கம் மாறவில்லை, அவ்வளவு தான்.

பேருந்து நிலையம் மட்டும் அல்ல. "டோல்கேட் அருகில்" என்று போட்டிருந்தால், அது கொள்ளிடத்திற்கு வடக்கே உள்ள நம்பர் ஒன் டோல்கேட்டா, விமான நிலையப் பக்கம் உள்ள டி.வி.எஸ். டோல்கேட்டா? நகரின் இரு முனைகள் இவை. ரயில் நிலையங்களிலும் ஜங்ஷன், கோட்டை, டவுன், பாலக்கரை, ஸ்ரீரங்கம் எனப் பல உண்டு. பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். மேப்பில் புள்ளியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முதலில் உங்கள் இடங்களைக் குறித்திடுங்கள்

லாட்ஜைத் தேடுவதற்கு முன், நீங்கள் போக வேண்டிய இடங்களைக் குறிக்க வேண்டும். பலர் இதனைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மலிவாக ஓர் அறை கிடைத்ததும் பதிவு செய்துவிட்டு, அங்கிருந்து எங்கே எப்படிப் போவது என்று அப்புறம் பார்க்கிறார்கள்.

பிரவுசரில் கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்திடுங்கள். இடது மேல் மூலையில் தேடல் கட்டம் இருக்கும். அதில் "சத்திரம் பேருந்து நிலையம், திருச்சி" என்று தமிழிலேயே டைப் செய்து என்டர் தட்டலாம். ஆங்கிலத்தில் டைப் செய்வதானால், சத்திரம் என்ற சொல்லை நடுவே ஒரு 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும் பல விதமாக எழுதுகிறார்கள் என்பதை நினைவில் வைத்திடவும். ஒரு விதத்தில் கிடைக்காவிட்டால் மற்றொரு விதத்தில் தேடிப் பார்க்கலாம். இடம் கிடைத்தவுடன் "சேவ்" என்ற பட்டனைக் கிளிக் செய்திடுங்கள். "நியூ லிஸ்ட்" என்பதைத் தேர்ந்தெடுத்து, "திருச்சிப் பயணம்" என்று பெயர் கொடுங்கள். இதற்கு ஒரு கூகுள் அக்கவுண்ட் வேண்டும். ஜிமெயில் முகவரி இருந்தால் அதுவே போதும்.

இதே போல ஒவ்வொரு இடத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்திடுங்கள். வயதான பெற்றோரோடும் குழந்தைகளோடும் இரண்டு இரவுகள் தங்கப் போகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், மலைக்கோட்டை, சமயபுரம் என்று குறிப்பீர்கள். வந்து இறங்கும் ரயில் நிலையத்தையோ பேருந்து முனையத்தையோ சேர்க்க மறந்துவிட வேண்டாம். பட்டியல் முடிந்ததும் மேப்பைச் சற்றுச் சிறிதாக்கிப் பாருங்கள். குறிகள் எந்தப் பக்கம் கூட்டமாக விழுந்திருக்கின்றன என்பது ஒரே பார்வையில் தெரியும். மேலே சொன்ன இடங்களில் மூன்று, சத்திரத்தில் இருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் வந்துவிடும். சமயபுரம் மட்டும் வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் விலகி நிற்கும்.

அடுத்து, இந்தக் குறிகளில் எதற்கு நேரம் கட்டாயம் என்று பாருங்கள். மலைக்கோட்டைக்கு மாலை நான்கு மணிக்குப் போகலாம், ஐந்து மணிக்கும் போகலாம். ஆனால் ஸ்ரீரங்கத்தில் விடியற்காலை விஸ்வரூப தரிசனம் பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தால் அந்த நேரத்தை மாற்ற முடியாது. துவாக்குடியில் உள்ள தேசிய தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது என்.ஐ.டி.யில், மகனுக்குக் காலையில் அட்மிஷன் என்றால் அதையும் மாற்ற முடியாது. நள்ளிரவில் சிங்கப்பூர் விமானம் என்றால் கேட்கவே வேண்டாம். நேரம் கட்டாயமான அந்த ஒரு வேலைக்குப் பக்கத்தில் தான் அறை எடுக்க வேண்டும். மற்ற இடங்களுக்கு ஆட்டோவில் போய்க் கொள்ளலாம். எத்தனை கட்டுரை படித்தாலும், பகுதியைத் தேர்ந்தெடுக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

நடுவில் ஆறு ஓடுகிறது

திருச்சி மேப்பைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது, நீல நிறத்தில் இரண்டாகப் பிரியும் ஆறு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், இரண்டுக்கும் நடுவில் தீவாக ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். அறை தேடும்போது இந்த நீலத்தை மறந்துவிடாதீர்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், பல ஹோட்டல் தளங்கள் "கோயிலில் இருந்து இத்தனை கிலோமீட்டர்" என்று காட்டும் தூரம், காக்கை பறக்கிற நேர்க்கோட்டுத் தூரம். நீங்கள் காக்கை அல்லவே! இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மேப்பில் அம்மா மண்டபம் படித்துறை மீது வைத்து மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்திடுங்கள். வரும் மெனுவில் "மெஷர் டிஸ்டன்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின்னர் காவிரியின் எதிர்க் கரையில் கிளிக் செய்தால் நேர்க்கோட்டுத் தூரம் கிடைக்கும். ஒரு கிலோமீட்டர் கூட வராது. இப்போது அதே இரண்டு இடங்களுக்கும் "டைரக்ஷன்ஸ்" கேட்டுப் பாருங்கள். பாலத்தைத் தேடிப் போய்ச் சுற்றி வரும் உண்மையான வழி கிடைக்கும்.

சத்திரம் பக்கம் உள்ள சிந்தாமணியையும் அக்கரையில் உள்ள மாம்பழச் சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976-இல் திறக்கப்பட்டது. இந்த ஒரு பாலத்தை நம்பித்தான் நகரத்தின் பெரும்பாலான போக்குவரத்து ஸ்ரீரங்கம் போய் வருகிறது. 2022-இல் பழுது பார்ப்பதற்காக இதனை மூடினார்கள். 2023 மார்ச்சில் தான் மீண்டும் திறந்தார்கள். அந்த மாதங்களில் கார்களும் பேருந்துகளும் சென்னை பைபாஸ் பாலம் வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. சத்திரத்தில் அறை எடுத்துவிட்டு "கோயில் பக்கம் தானே" என்று வந்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆகையால் பயணத்திற்கு முந்தைய வாரம் "காவிரிப் பாலம் திருச்சி" என்று கூகுளில் டைப் செய்து, "நியூஸ்" என்ற டேபில் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. இரண்டு நிமிட வேலை.

நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள்

"டைரக்ஷன்ஸ்" கேட்கும்போது புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து கேட்பார்கள். மேப் அந்த நேரத்துச் சாலையைப் பார்த்துப் பத்து நிமிடம் என்று சொல்லும். காலி ரோட்டில் பத்து நிமிடம் சரி தான்.

கார் அடையாளத்தைத் தேர்ந்தெடுத்தபின் கீழே "லீவ் நவ்" என்று ஒரு சிறிய பட்டன் தெரியும். அதைக் கிளிக் செய்தால் "டிபார்ட் அட்", "அரைவ் பை" என்று இரண்டு வசதிகள் கிடைக்கும். "அரைவ் பை" என்பதில், நீங்கள் எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டுமோ அந்தத் தேதியையும் நேரத்தையும் கொடுங்கள். வழக்கமாக அந்த நேரத்தில் எவ்வளவு ஆகும், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லும். சத்திரத்தில் இருந்து துவாக்குடிக்குக் காலை ஒன்பது மணிக்குச் சேர வேண்டும் என்று ஒரு முறை, பிற்பகல் இரண்டு மணிக்கு என்று மறு முறை கேட்டுப் பாருங்கள். தூரம் ஒன்று தான், நேரம் வேறாக இருக்கும்.

பேருந்து அடையாளத்தைக் கிளிக் செய்தாலும் விடை வரும். ஆனால் நம் டவுன் பஸ்களின் விவரம் மேப்பில் முழுமையாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக் கொண்டால் போதும். மத்திய பேருந்து நிலையம், சத்திரம், ஸ்ரீரங்கம் மூன்றையும் இணைப்பது 1-ஆம் நம்பர் பஸ். ஒன்றை விட்டால் சிறிது நேரத்தில் அடுத்தது வந்துவிடும். திருச்சியில் படித்த எவரையும் கேட்டுப் பாருங்கள், இந்த நம்பரை மறந்திருக்க மாட்டார்கள்.

சத்திரம் பக்கம்

இனிப் பகுதிகளைப் பார்ப்போம். முதல் முறையாகத் திருச்சி வருபவர், நேரம் கட்டாயமான வேலை எதுவும் இல்லாதவர், இரண்டு நாளில் ஊரைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பவர் என்றால் நான் சத்திரத்தைத் தான் சொல்வேன்.

காரணம், நடந்தே பார்க்கக் கூடியவை இங்கு அதிகம். பேருந்து நிலையத்தில் இருந்து பார்த்தாலே மலைக்கோட்டை தெரியும். 83 மீட்டர் உயரப் பாறை; உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க நானூறுக்கும் மேல் படிகள். பாதியில் தாயுமானசுவாமி சன்னதி இருப்பதால், முழுவதும் ஏற முடியாதவர்கள் அங்கேயே உட்கார்ந்து கொள்ளலாம். அடிவாரத்தில் தெப்பக்குளம், அதை ஒட்டி என்.எஸ்.பி. ரோடு, சின்னக் கடை வீதி, பெரிய கடை வீதி. ஜவுளி, நகை, பாத்திரம் என்று எதுவும் இங்கே கிடைக்கும். மெயின்கார்டு கேட் பக்கம் லூர்து அன்னை ஆலயம், சற்றுத் தள்ளி நத்தர்ஷா தர்கா. சைவமோ அசைவமோ, சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை. பஸ்ஸில் ஏறினால் ஸ்ரீரங்கம் சுமார் 4 கிலோமீட்டர். சமயபுரம் பஸ்ஸும் இங்கிருந்தே கிடைக்கும். பேருந்து நிலையமும் பழைய நிலையம் அல்ல. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் புதிதாகக் கட்டி 2021 இறுதியில் திறந்தது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சத்தம். பேருந்து நிலையத்தைப் பார்த்த ஜன்னல் என்றால், விடியுமுன்னே ஹாரன் சத்தத்தில் எழுந்துவிடுவீர்கள். தெருவைப் பார்க்காத பின்பக்க அறையைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். கடை வீதிகளுக்குள் இருக்கும் லாட்ஜ் என்றால், மேப்பில் கார் போகும் வழியாகக் காட்டும் தெருவில் உண்மையில் கார் நுழையவே திணறும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் என்.எஸ்.பி. ரோட்டில் மனிதத் தலைகளைத் தவிர வேறு எதுவும் தெரியாது. வாகனங்களைத் திருப்பி விடுவார்கள். சொந்தக் காரில் வருபவர்கள் பார்க்கிங் இருக்கிறதா என்று போனில் கேட்காமல் இங்கே பதிவு செய்ய வேண்டாம்.

தெரு எவ்வளவு அகலம் என்பதைக் கம்ப்யூட்டரில் ஓரளவு பார்க்கலாம். மேப்பின் இடது கீழ் மூலையில் "லேயர்ஸ்" என்ற சிறிய கட்டத்தைக் கிளிக் செய்தால் சாட்டிலைட் படம் வரும். மவுஸின் சக்கரத்தை உருட்டிப் பெரிதாக்குங்கள். கட்டடங்கள் ஒன்றோடொன்று ஒட்டி இருக்கின்றனவா, லாட்ஜின் முன்னால் கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்று தெரியும். லாட்ஜின் இணையப் பக்கத்தில் உள்ள போட்டோவை எடுத்தவர் நிறைய இடம் இருப்பது போல எடுத்திருப்பார். சாட்டிலைட் மேலே இருந்து எடுத்த படத்தில் அந்த வித்தை செல்லாது.

ஸ்ரீரங்கத்திலேயே தங்கினால்

விடியற்காலை தரிசனம் என்றால், அதுவும் வயதானவர்கள் உடன் இருந்தால், வேறு யோசனையே வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் தங்கிவிடுங்கள். நாலரை மணிக்கு எழுந்து, ஆட்டோ தேடி, பாலத்தைத் தாண்டி வருவதை விட, எழுந்து குளித்துவிட்டு நடந்து போவது அவர்களுக்கு எவ்வளவு நிம்மதி!

ஆனால் இங்கும் ஒரு கணக்கு இருக்கிறது. "கோயிலில் இருந்து 200 மீட்டர்" என்றால் கோயிலின் எந்த இடத்தில் இருந்து? ஸ்ரீரங்கம் கோயில் ஏழு பிரகாரங்களோடு 156 ஏக்கரில் விரிந்திருப்பது. வெளிப் பிரகாரங்களில் வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. தபால்காரர் வந்து போகிற, குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிற தெருக்கள் அவை. தெற்கே 236 அடி உயரத்தில் நிற்கும் ராஜகோபுரம், 1987-இல் கட்டி முடிக்கப்பட்டது. அந்த ராஜகோபுரத்தில் இருந்து பெருமாள் சன்னதிக்கு ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆகவே லாட்ஜ்காரர் ராஜகோபுரத்தில் இருந்து அளந்து சொன்ன 200 மீட்டர், முழங்கால் வலி உள்ள உங்கள் அப்பாவுக்கு 700 மீட்டர். முன்னர் சொன்ன "மெஷர் டிஸ்டன்ஸ்" வசதியில், லாட்ஜில் தொடங்கித் தெருவின் வளைவுகளில் எல்லாம் கிளிக் செய்து கொண்டே சன்னதி வரை சென்றால், நடக்க வேண்டிய தூரம் சரியாகக் கிடைக்கும். சித்திரை வீதி, உத்தர வீதிகளில் கிடைக்கும் அறைகள் சிறியவையாக இருந்தாலும் இந்தக் காரணத்தால் மதிப்புள்ளவை. அம்மா மண்டபம் சாலையில் அறைகள் அதிகம். காவிரியில் குளிப்பதற்கு வசதி, கோயிலுக்கு நடை சற்றுக் கூடுதல்.

கொள்ளிடக் கரையோரம் பஞ்சக்கரை பகுதியில் 2014-இல் திறக்கப்பட்ட யாத்ரி நிவாஸ் பக்தர்களுக்காகவே கட்டப்பட்டது. பெயரைப் பார்த்துக் கோயில் வாசலில் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அதையும் மேப்பில் வைத்துப் பாருங்கள்.

ரயிலில் வருபவர்களுக்கு ஒரு தகவல். டிக்கெட் எடுக்கும்போது "திருச்சி" என்று டைப் செய்தவுடன் வரும் ஜங்ஷனைப் பலரும் அப்படியே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். சென்னையில் இருந்து வரும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், பல்லவன் எக்ஸ்பிரஸ் போன்றவை ஸ்ரீரங்கத்திலேயே நிற்கும். ஸ்டேஷன் கட்டத்தில் எஸ்.ஆர்.ஜி.எம். என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களை டைப் செய்தால் ஸ்ரீரங்கம் கிடைக்கும். ஜங்ஷன் வரை போய், அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் திரும்பி வருவதும், அதற்கு ஆட்டோவுக்குக் கொடுப்பதும் மிச்சம்.

தேதியையும் பார்த்திடுங்கள். வைகுண்ட ஏகாதசி ஆங்கிலக் காலண்டரில் ஒரே நாளில் வருவதில்லை. 2024-ஆம் ஆண்டில் அது வரவே இல்லை. 2025-இல் ஜனவரி 10, டிசம்பர் 30 என இரண்டு முறை வந்தது. பரமபத வாசல் திறக்கும் அந்த நாளிலும், அதைச் சுற்றியுள்ள பகல் பத்து, இராப்பத்து நாட்களிலும் ஸ்ரீரங்கத்தில் அறை கிடைப்பது கடினம். கிடைத்தாலும் வாடகை வேறாக இருக்கும். கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனங்களையும் தடுத்துவிடுவார்கள். தள்ளு முள்ளு வேண்டாம் என்பவர்கள், பஞ்சாங்கம் பார்த்து அந்த வாரத்தைத் தவிர்த்துவிட்டால் அதே அறை சாதாரண வாடகைக்குக் கிடைக்கும்.

மற்ற பகுதிகள்

ஜங்ஷன், மத்திய பேருந்து நிலையம் அமைந்த கன்டோன்மென்ட் பகுதியில் தான் பெரிய ஹோட்டல்கள் அதிகம். வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூருக்குப் போய்விட்டாலும், இரவு ரயிலுக்கும் விமானத்திற்கும் இது தான் வசதி. விமான நிலையம் இங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டர். என்.ஐ.டி. செல்பவர்களுக்கும் இங்கிருந்து கிளம்புவது எளிது. ஆற்றையும் கடை வீதியையும் தாண்ட வேண்டியதில்லை.

மருத்துவமனைக்கு வருபவர்கள் தில்லைநகர் பக்கம் பார்க்கலாம். மருத்துவமனைகள் நிறைந்த பகுதி அது. சத்திரத்தைக் காட்டிலும் அமைதி, அதே நேரத்தில் சத்திரத்திற்கு அருகில் தான் இருக்கிறது.

பஞ்சப்பூரில் தங்குவது பற்றிச் சிலர் கேட்கிறார்கள். விடிந்ததும் அடுத்த ஊருக்குப் பஸ் ஏற வேண்டியவர்களுக்குச் சரி. ஊர் பார்க்க வந்தவர்களுக்கு, ஸ்ரீரங்கம் அங்கிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் என்பதைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

பணம் கட்டும் முன்

பகுதி முடிவாகிவிட்டது. மேப்பில் அந்தப் பகுதியைத் திரையில் வைத்துக் கொண்டு "ஹோட்டல்ஸ்" என்று தேடினால், அங்கே உள்ள விடுதிகள் மட்டும் வாடகையோடு தெரியும். பிடித்த ஒன்றைக் கிளிக் செய்து "ரெவ்யூஸ்" பகுதிக்குச் செல்லுங்கள். வரிசைப்படுத்தும் இடத்தில் "நியூவஸ்ட்" என்பதைத் தேர்ந்தெடுத்திடவும். பஞ்சப்பூர் கதை நினைவிருக்கிறது அல்லவா? பழைய பாராட்டு நமக்கு வேண்டாம். அதே இடத்தில் தேடும் வசதியும் உண்டு. லிஃப்ட், வெந்நீர், சத்தம், பார்க்கிங் என்று உங்களுக்கு வேண்டிய சொல்லை ஆங்கிலத்தில் ஒரு முறையும், தமிழில் ஒரு முறையும் தேடுங்கள். நட்சத்திரங்களை எண்ணுவதைவிட இது அதிகம் சொல்லும். "மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை" என்று ஒருவர் கோபத்தோடு எழுதியிருக்கும் ஒரே வரி, உங்கள் அம்மாவின் முழங்காலைக் காப்பாற்றும்.

செக் அவுட் நேரத்தைக் கவனியுங்கள். நம் ஊர் லாட்ஜ்களில் பல, 24 மணி நேரக் கணக்கில் வாடகை வாங்குபவை. நீங்கள் காலை ஐந்து மணிக்கு நுழைந்தால் மறுநாள் ஐந்து மணி வரை. இணையத் தளம் வழியாகப் பதிவு செய்தால் அதே லாட்ஜில் கூடப் பகல் 12 மணிக்குத் தான் அறை என்று இருக்கலாம். இரவு ரயிலில் கிளம்பி விடியற்காலை வந்து இறங்கும் குடும்பம், பகல் வரை வரவேற்பறையில் உட்கார வேண்டி வரும். இதனை லாட்ஜுக்கே போன் செய்து கேட்டுவிடுவது நல்லது. தளம் காட்டும் வாடகையில் வரி சேர்ந்ததா என்பதையும் கடைசித் திரையில் பாருங்கள். நாள் ஒன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

போன் செய்யச் சொன்னேன், அதில் ஓர் எச்சரிக்கை. கோயில் ஊர்களில் உள்ள தங்கும் விடுதிகளின் பெயரில் போலி இணையத் தளங்களும் போலி போன் நம்பர்களும் உலவுகின்றன. கூகுளில் தேடியவுடன் முதலில் வரும் நம்பர் அந்த விடுதியின் நம்பர் தான் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. "ஸ்பான்சர்ட்" என்று மேலே சிறிய எழுத்தில் போட்டிருந்தால் அது பணம் கொடுத்து வைத்த விளம்பரம். மறுமுனையில் பேசுபவர், "முழுப் பணத்தையும் இந்த நம்பருக்கு இப்போதே அனுப்புங்கள், ஒரே ஓர் அறை தான் இருக்கிறது" என்று அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடுங்கள். அவர் அனுப்பும் க்யூ.ஆர். படத்தை ஸ்கேன் செய்து "பணம் உங்களுக்குத் திரும்ப வரும்" என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் நம்மிடம் இருந்து போகுமே தவிர வராது. கோயில் நிர்வாகத்தின் விடுதி என்றால் கோயிலின் அதிகாரப்பூர்வ இணையத் தளத்திலோ, அறநிலையத் துறையின் தளத்திலோ உள்ள இணைப்பு வழியாக மட்டும் செல்லவும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்திடுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் இது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

எல்லாம் முடிந்ததும் லாட்ஜ் இருக்கும் இடத்தின் மேப்பைப் பெரிதாக்கி, கண்ட்ரோல் கீயுடன் பி கீயை அழுத்தி ஒரு பிரிண்ட் எடுத்துக் கொள்ளுங்கள். பிரிண்டர் இல்லாவிட்டால் ஒரு தாளில் லாட்ஜின் பெயர், தெரு, பக்கத்தில் உள்ள பெரிய அடையாளம் மூன்றையும் தமிழில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்திடுங்கள். மொபைலில் சார்ஜ் தீர்ந்து போனாலும், "மெயின்கார்டு கேட் பக்கம்" என்றால் திருச்சி ஆட்டோக்காரருக்கு மேப் தேவையில்லை.